வோல்ட்டுக்கு அடுத்த வரி

டிரான்ஸ்பார்மர் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு வரியோடு நான் நிறுத்தியதாகச் சரித்திரம் கிடையாது. அதனால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். செம்புக் காயிலைச் சுற்றிக்கொண்டே படிக்காதீர்கள். எண்ணிக்கை தப்பினால் பழி என் மேல் வரும்.

நான் தறி வீட்டில் பிறந்தவள். பட்டு இழை சுற்றிப் பழகிய கையோடு செம்புக் கம்பி சுற்ற வந்தேன். அறுந்தால் இரண்டுக்கும் ஒரே திட்டுதான், வேலை பிடித்துவிட்டது. ஓய்வு பெறுகிற வரைக்கும் டிரான்ஸ்பார்மரைத் தவிர வேறு எதையும் நான் உருப்படியாகச் செய்ததில்லை. காஞ்சிபுரத்தில் என் பெயர் ‘டிரான்ஸ்பார்மர் அக்கா’. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட உறைமேல் அப்படித்தான் எழுதுவார்கள். கோமளவல்லி என்கிற பெயர் ரேஷன் கார்டுக்கும் என் தங்கைக்கும் மட்டும் தெரியும்.

நம் தொழிலுக்குப் படியளக்கிற சாமி அமெரிக்காதான். இந்த ஊரில் அமெரிக்காவில் பிள்ளை இல்லாத தெரு கிடையாது. லீவுக்கு வருகிற பிள்ளை ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபையரோ தூக்கிக்கொண்டு வரும். அங்கே நூற்றுப்பத்து வோல்ட், இங்கே இருநூற்று முப்பது. ஆர்வம் தாங்காத ஒரு சித்தப்பா நேராகச் செருகுவார். ‘டப்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, ஒரு நாற்றம். நான் அதை நேர்மையான கோளாறு என்பேன். வந்தேன் என்று சொல்லிவிட்டு வருகிறது, யாருடைய தப்பு என்பதும் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா மட்டும் கரண்ட் ஆபீஸைத் திட்டுவார்.

புகையே வராத கோளாறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு முதலாளி, மகன் அனுப்பிய கடிகாரம் வைத்த ரேடியோவைத் தறிக்கூடத்தில் வைத்தார். நம்மிடம்தான் டிரான்ஸ்பார்மர் வாங்கினார். புகை இல்லை, ரேடியோ பாடியது, எல்லாம் சுகம். கொஞ்ச நாளில் நெய்கிறவர்களில் ஒருவர் சொன்னார்: “மொதலாளி, உங்க அமெரிக்கா கடிகாரத்துல பொழுது சாயவே மாட்டேங்குது.” ராத்திரி சரியாக வைத்துவிட்டுப் போனாலும், மறுநாள் கோயிலில் உச்சிக்கால மணி அடிக்கிறது, கடிகாரம் இன்னும் காலை டிபன் நேரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. முதலாளிக்குக் கடிகாரத்தின் மேல் அளவில்லாத மரியாதை. வேலை நேரத்தை இழுத்துக் கொடுக்கிற கடிகாரத்தை எந்த முதலாளி சந்தேகப்படுவார்?

விஷயம் சின்னது. கரண்ட் ஒரே சீராக வருவதில்லை, துடித்துத் துடித்து வருகிறது. அமெரிக்காவில் நொடிக்கு அறுபது துடிப்பு, நம் ஊரில் ஐம்பது. அந்த மாதிரிக் கடிகாரம் துடிப்பை எண்ணித்தான் நேரம் பார்க்கும். அறுபது எண்ணினால் ஒரு நொடி என்று அதற்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நம் ஐம்பதை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும், பாவம். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், துடிப்பில் கை வைக்காது. மெஷினின் முதுகில் இருக்கிற தகட்டில் வோல்ட்டுக்கு அடுத்த வரியில் இதை எழுதியிருப்பார்கள். வோல்ட்டைப் படித்ததும் நமக்குப் படிப்பு முடிந்துவிடுகிறது.

இனி நான் சொல்ல வந்த கதை.

ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு சர்ச். அதன் செயலாளர் தேவசகாயம், பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே எங்கேயோ மூடிவிட்ட ஒரு சர்ச்சிலிருந்து பழைய ஆர்கன் ஒன்றை வாங்கி, செத்துப்போன அம்மாவின் நினைவாகக் கப்பலில் அனுப்பிவிட்டாள். பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு பெட்டி. உள்ளே மோட்டார் ஓடும். மோட்டார் பற்சக்கரங்களைச் சுற்றும், சக்கரம் சுற்றுவதிலிருந்துதான் இசை பிறக்கும். வெளியூரிலிருந்து டிரான்ஸ்பார்மர் வாங்கிவந்து மாட்டினார்கள். அது நம் பட்டறையில் செய்ததில்லை. யார் செய்தார்களோ, சுத்தமாகச் செய்திருந்தார்கள்.

ஆர்கன் வந்து இரண்டு மாதம் கழித்துச் செயலாளர் எனக்குப் போன் போட்டார்.

“யம்மா, ஆர்கன் பிரசங்கத்துல குறுக்க பேசுதுமா. ங்ங்ங்னு ஒரே சத்தம். நாளைக்கு அறுப்பின் பண்டிகை. இன்னைக்கே வந்து பாத்துடு.”

போனேன். விளைச்சலுக்கு நன்றி சொல்கிற பண்டிகை, அதனால் வாசலில் கரும்பும் வாழையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பாடகர் குழு ஒத்திகையில் இருந்தது. ஆர்கன் வாசிக்கிறவர் சாமுவேல், பாங்கில் வேலை பார்க்கிற பிள்ளை. செயலாளர் தனிப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். கனத்த, இறக்கமான குரல். பல வருஷம் கடைசி வரிசையில் நின்று வாயசைத்தவராம். மற்றவர்கள் பாடுகிற உயரத்துக்கு அவர் குரல் ஏறாது. ஆர்கன் வந்த பிறகு, கர்த்தர் கண் திறந்த மாதிரி, குரல் திறந்துகொண்டது என்றார்கள். பண்டிகையில் தனிப்பாட்டே அவருக்குத்தான். பாடி முடித்துவிட்டு அவர் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே, சீருடையில் முதல் நாள் நின்ற மாதிரி நின்றார்.

முன் வரிசையில் ரோஸ்லின் என்று ஓர் அம்மா, ஸ்கூலில் சத்துணவு அமைப்பாளர். பண்டிகையின் முதல் பாட்டை வருஷாவருஷம் தொடங்குகிறவர் அவர்தான் என்று எனக்கே தெரியும். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் பஸ் ஸ்டாப் வரைக்கும் வரும். அன்றைக்கு உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஒத்திகைக்கு நடுவில் டீ வந்தது. ஸ்டெபிலைசர் இருந்த பக்கத்து அறைக்குள் போனேன். ரோஸ்லின் அங்கே உட்கார்ந்து பாடகர் குழுவின் வெள்ளை அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு மட்டும் போட்டுக்கினு மொத பாட்ட எப்பிடியோ பாடிட்டு, திருப்பிக் குடுத்துடப் போறேன்கா. கொரல் பூடுச்சு.”

“எப்போலேர்ந்து?”

“ரெண்டு மாசமா. காய்ச்சல் வந்துது, அதோட பூடுச்சு போல. பாட்டு கீழ எறங்கறப்போ வெறும் காத்துதான் வருது. டாக்டரு தொண்டை நல்லாத்தான் இருக்குதுன்றாரு. மொளகு, தேனு, கஷாயம் எல்லாம் பாத்தாச்சு. இன்னும் குடிக்காதது டீசல்தான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மடித்த அங்கியைப் பிரித்து மறுபடி மடித்தார். எனக்கு அது பொறுக்கவில்லை.

அதற்குள் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆடு, பண்டிகைக்குக் கட்டிய கரும்பில் வாய் வைத்தது. ரோஸ்லின் எழுந்து நின்று “ஏஏஏய்!” என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள். ஆடு, கட்டிக்கொண்டிருந்த ஆள், டீ கொண்டுவந்தவர், மூன்று பேரும் ஒன்றாக ஓடினார்கள். அவ்வளவு உயரத்தில், பிசிறில்லாமல், கணீர் என்று ஒரு சத்தம்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் வயதாகிக் குரல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மேலே போவதுதான் முதலில் நின்றுபோகும். இந்த அம்மாவுக்கு மேலே பத்திரமாக இருக்கிறது, கீழேதான் காற்று வருகிறது. ‘குரல் போகவில்லை, பாட்டுதான் இவரை விட்டுக் கீழே போயிருக்கிறது’ என்று தோன்றியது. உடனே பிள்ளையார்பாளையத்துக் கடிகாரம் ஞாபகம் வந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஆர்கனுக்குப் பின்னால் போனேன்.

அங்கே தகட்டைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. ‘அன்பளிப்பு’ என்று போட்டு, செயலாளர் மனைவியின் பெயர், ‘அன்னாரின் நினைவாக’, கீழே மகள் பெயர், மருமகன் பெயர், இரண்டு பேரன் பெயர். நம் ஊர் வியாதி உங்களுக்குத் தெரியும். ட்யூப்லைட் கொடுத்தால் வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதன்மேல் பெயர் எழுதுகிற ஆட்கள் நாம். ஆர்கனின் முதுகு சபையைப் பார்த்தபடி இருந்தது. அந்த முதுகில் கம்பெனிக்காரன் தகட்டுக்கு நாலு ஸ்க்ரூ ஏற்கெனவே இருந்தது. புதிதாக ஓட்டை போடுவானேன் என்று அதன் மேலேயே பலகையை முடுக்கிவிட்டார்கள். எந்த வரியைப் படித்தால் கோளாறு தெரியுமோ அந்த வரிக்கு மேல் குடும்பமே உட்கார்ந்திருந்தது.

மூன்று ஸ்க்ரூ கழற்றியாயிற்று. பின்னாலிருந்து செயலாளரின் குரல்.

“இன்னாமா, எங்க வீட்டுக்காரி பேரைக் கழட்டிக்கினு இருக்கற?”

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். “அண்ணா, இந்தப் பலகையும் சேந்து அதிருது. கை வெச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தார். பலகை நிஜமாகவே அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் முகம் இளகிவிட்டது.

“அவ சும்மா இருக்க மாட்டாளே,” என்றார். பிறகு கரும்புக் கட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நாலாவது ஸ்க்ரூவைக் கழற்றினேன். நூற்றுப்பதினேழு வோல்ட். அடுத்த வரி, அறுபது. நம் ஐம்பதில் ஓடுகிற மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு கட்டையும் இறங்கித்தான் ஒலிக்கும். அறுபதுக்குச் சுற்றிய உள் டிரான்ஸ்பார்மர் ஐம்பதில் சூடேறி முனகும். பிரசங்கத்தில் குறுக்கே பேசியதும் அதுதான்.

சாமுவேலைக் கூப்பிட்டேன். கிடார்க்காரர்கள் சுதி பார்க்கிற ஆப் போனில் இருக்கிறதா என்று கேட்டேன். ‘ஜி’ கட்டையை அழுத்தச் சொன்னேன். போன் ‘ஈ’ என்று காட்டியது, கறுப்புக் கட்டையையும் சேர்த்து மூன்று கட்டை கீழே.

“எனக்கு மொதல் வாரமே தெரியும்கா,” என்றார் சாமுவேல். “கிடார் பசங்க சொன்னாங்க, ஆர்கன் கம்மியா இருக்குதுன்னு. செகரட்டரிகிட்ட போனோம். அமெரிக்காக்காரன் தப்பு பண்ணுவானா, உங்க கிடாரை எறக்கிக்கோங்கன்னுட்டார். எறக்கிட்டோம்.”

“அந்தம்மா கொரல் போச்சுன்னு ஊரே சொல்லிச்சே, அப்போ?”

“அதுவும் இதுவும் ஒண்ணுன்னு தோணலக்கா.”

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மெஷினில் ஒரு மாற்றம் தெரிகிறது, ஆளிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பிள்ளைகளே, இதை மட்டும் மனசில் முடிச்சுப் போட்டு வையுங்கள். புது மெஷின் வந்த பிறகு நல்ல ஆள் ஒருத்தர் திடீரென்று சோடை போனால், ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னால் மெஷினின் முதுகைப் பாருங்கள்.

கோளாறு தெரிந்துவிட்டது. அதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய வேலை. துடிப்பை மாற்றிக் கொடுக்கிற கன்வர்ட்டர் வர நாளாகும். பண்டிகையோ மறுநாள். குழுவுக்கு நடுவில் நின்று ‘ஆர்கன் தப்பு’ என்று நான் சொன்னால், மனைவி பெயரைப் பித்தளையில் பொறித்து மாட்டியவர் அதை ஒப்புக்கொள்வாரா? கழற்றிய பலகை வேறு என் கையில் இருக்கிறது. சரி, ரோஸ்லினிடம் மட்டும் சொல்லலாமா? தொண்டை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதையே நம்பாதவர், டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறவள் சொன்னால் நம்பப்போகிறாரா? சொல்லிப் புரிகிற விஷயம் இல்லை. அவர் காதால் அவரே கேட்க வேண்டும்.

அலமாரியில் பழைய கீபோர்டு தூங்குவதாகச் சாமுவேல் சொன்னார். செயலாளரைத் தேடிப் போனேன்.

“அண்ணா, ஆர்கனுக்குள்ள இருக்கற டிரான்ஸ்பார்மர் சூடாவுது. நாளைக்கு மொத பாட்டுக்கு அதுக்கு ரெஸ்ட் குடுத்துடுங்க. பழைய கீபோர்டு வாசிக்கட்டும். உங்க பாட்டு வர்றப்போ ஆர்கன் தெம்பா இருக்கணும் இல்ல?”

“என் பாட்டுக்குத் தெம்பா இருக்கணும்,” என்று அவரே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “சரிமா. நீ சொன்னா சரி.”

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கவனித்தீர்களா? உண்மையைப் பாதி ரீல் மட்டும் அவிழ்த்தேன், அவ்வளவுதான். பலகையைத் திரும்ப மாட்டினேன், அதிராமல் இருக்க அடியில் துண்டு ரப்பர் வைத்து.

மறுநாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் காணிக்கையாக வந்த ஒரு சேவல். நெற்றியில் விபூதியோடு நான் உட்கார்ந்திருந்ததை அது மட்டும்தான் முறைத்தது. சாமுவேல் கீபோர்டில் சுதி கொடுத்தார். ரோஸ்லின் அங்கியைப் பிடித்தபடி நின்றார், கைவிரல் வெளுக்கிற அளவுக்கு. மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

முதல் அடியில் குரல் பயந்துகொண்டே வந்தது. அடுத்த அடியில் தான் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது அடிக்குச் சர்ச் கூரை பத்தாமல் போனது. பெண்கள் வரிசை திரும்பிப் பார்த்தது. ரோஸ்லின் பாடிக்கொண்டே ஒரு கையைத் தன் தொண்டையில் வைத்துப் பார்த்துக்கொண்டார், அது தன்னுடையதுதானா என்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், வெட்கமில்லை.

ரோஸ்லினுக்குப் பக்கத்தில் செயலாளர். இரண்டாவது அடியில் ஏறப் பார்த்தார், குரல் கீறியது. மறுபடி ஏறினார், மறுபடி கீறியது. பாட்டுப் புத்தகத்தைத் தாழ்த்தினார். ரோஸ்லினைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், ஓய்வில் இருந்த ஆர்கனைப் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். நான் சேவலைப் பார்த்தேன்.

ஆராதனையின் நடுவில் அவருடைய தனிப்பாட்டும் வந்தது, ஆர்கனோடு. நன்றாகவே பாடினார். ஆனால் முந்தின நாள் நின்ற மாதிரி அவர் நிற்கவில்லை.

முடிந்ததும் கரும்புப் பந்தலுக்குக் கீழே என்னை மடக்கிவிட்டார்.

“உண்மையச் சொல்லுமா. ஆர்கனுக்கு இன்னா?”

டைம் கீப்பருக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன். “அண்ணா, அங்க ஆறு பஸ் போற நேரத்துல இங்க அஞ்சு பஸ்தான் போவுது. மெஷின் மேல தப்பில்ல, யார் மேலயும் தப்பில்ல. நம்ம ஊரு கரண்ட் அப்பிடி.”

ஆறு, அஞ்சு என்று விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். “அப்போ நான் பாடுனது?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ரோஸ்லினையே நினைத்துக்கொண்டிருந்ததில் இந்த மனிதரை மறந்துபோயிருந்தேன். “பாடுனது நீங்கதான் அண்ணா,” என்றேன்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பூசணி, கோழி, கீரைக்கட்டு எல்லாவற்றையும் கடைசியில் ஏலம் விடுவார்கள். கூட்டம் கலையாமல் நிற்கிற நேரம் அது. ஏலத்துக்கு வைத்திருந்த மைக்கை அவர் கையில் எடுத்தார். எந்தப் பூசணியைக் கூறப்போகிறாரோ என்று எல்லோரும் பார்த்தார்கள்.

“ரெண்டு மாசமா ரோஸ்லின் கொரல் பூடுச்சுன்னு எல்லாரும் சொன்னோம். நான்தான் மொதல்ல சொன்னேன். அது கொரல் போவல. என் ஆர்கன்தான் எறங்கிப் பாடிக்கினு இருந்திருக்குது. ரோஸ்லினு, மன்னிச்சுக்கோமா.”

ரோஸ்லினுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம் வந்தது.

“அப்போ கரண்ட்டுக்கு வந்த நோவுக்கு நானா ரெண்டு மாசம் கஷாயம் குடிச்சேன்?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. செயலாளரும் சிரித்தார். அடங்கியதும் சொன்னார்: “ஆர்கன மூடி வெச்சுடலாம். சரி பண்ற வரிக்கும் கீபோர்டே போதும். நானும் பழையபடி கடைசி வரிசைக்குப் போயிடறேன்.”

“எதுக்கு?” என்றார் ரோஸ்லின். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. “நீங்க பாடுனது நல்லாத்தானே இருந்துது. யக்கா, எனக்கு ஏத்தமா, அண்ணனுக்கு எறக்கமா, ரெண்டும் ஒரே பொட்டியில வராதா?”

என்னைப் பார்த்துக் கேட்டார். இத்தனை வருஷத்தில் என் தொழிலைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

வரும் என்றேன். வரவும் வைத்தோம். கன்வர்ட்டர் வழியாக அறுபது துடிப்பு ஒரு பாதை. நேராக நம் ஊர் ஐம்பது இன்னொரு பாதை. அதில் சூடேறாமல் இருக்க வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்து நானே ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றினேன். நடுவில் ஒரு சுவிட்ச்: மேலே தள்ளினால் அறுபது, ரோஸ்லினுக்கு; கீழே தள்ளினால் ஐம்பது, செயலாளருக்கு. ஆர்கனை அணைத்துவிட்டுத் தள்ள வேண்டும், மறுபடி போட வேண்டும், அவ்வளவுதான். ஓய்வு பெறுவதற்கு முன் நான் கடைசியாகச் சுற்றியது அதுதான்.

மாட்டி முடித்த அன்று சாயங்காலம் சர்ச்சில் நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம். சாமுவேல் ஆர்கன்முன் உட்கார்ந்தார். செயலாளர் சுவிட்சைக் காட்டி, “ரோஸ்லினு, நீயே போட்டுப் பாரு. உன் கொரலுக்குத்தானே இவ்ளோ வேலையும்,” என்றார்.

ரோஸ்லின் சுவிட்சின் மேல் கை வைத்தார். மேலே தள்ளுவார் என்று நினைத்தோம். கீழே தள்ளினார்.

“பாடுங்கண்ணா,” என்றார்.

அவர் பாடினார். எல்லாச் சரணத்தையும் பாடி முடிக்கிற வரைக்கும் அந்த அம்மா சுவிட்சின் மேலிருந்து கையை எடுக்கவே இல்லை, வேறு யாரும் வந்து மாற்றிவிடாமல்.